விட்ட இடத்தில் தொடங்கும் பள்ளி

(சின்ன காஞ்சிபுரத்தில் ஆசிரியர்களும் நெசவாளர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வசதி குறைந்த இடங்களில் வளரும் பிள்ளைகளுக்குப் புதிய கற்றல் வழிகளை எப்படி வகுப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கணினியிலிருந்து தொடங்குவார்கள். நான் கோர்வைச் சேலையிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் போனதற்கான காரணங்களில் ஒன்று, அந்தச் சேலையை நெய்கிற முறைக்குள்ளேயே இருந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று அழுத்தமாகப் பிரிந்து நிற்பதுதான் காஞ்சிப் பட்டின் பெயரைக் காப்பாற்றுவது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் தலா ஒன்று. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் உடலையும் ஒரு பக்கக் கரையையும் பார்த்துக்கொள்வார். மறு கரையின் நாடாவைத் தள்ளவும், உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி கோர்க்கவும் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். பெரியவருக்குக் கூலி கொடுத்து அந்த இடத்தில் உட்கார வைத்தால் நெசவாளர் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்தது. சொந்தப் பிள்ளை, இல்லையென்றால் முன்பணம் வாங்கிய பக்கத்து வீட்டாரின் பிள்ளை.

அந்த முன்பணம்தான் கொடுமை. கல்யாணத்துக்கோ, வைத்தியத்துக்கோ பெற்றோர் வாங்கிய கடன், பிள்ளையின் கையாலேயே கழிய வேண்டும். கழியவும் கழியாது. வேலை மாற்றினால் புது முதலாளி பழைய கடனை அடைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொள்வார், கடன் அப்படியே கூடப் போகும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. ஆனால் அந்த 1986 சட்டம் குடும்பத்தார் துணையோடு வீட்டில் நடக்கும் தொழிலுக்கு விலக்குக் கொடுத்தது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஊரில் அந்த விலக்கு என்ன செய்திருக்கும் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும் எல்லாப் பிள்ளையும் சொந்தப் பிள்ளைதான். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற பன்னாட்டு மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது காஞ்சிபுரத்தின் பெயர் அதில் இருந்தது.

பல்லவர் காலத்துக் கடிகை என்னும் கல்விக்கூடம் இருந்த ஊர் இது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் வேதம் படிக்க இந்த ஊரைத் தேடி வந்தான் என்று கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. அறிஞர் அண்ணா பிறந்த ஊர், அவர் பள்ளிப் படிப்பைப் படித்த ஊர். இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

பிறகு நிலைமை மாறியது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், 2002-ல் இந்த ஊரிலேயே பணி தொடங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட் போன்ற தொண்டு நிறுவனங்கள், மாவட்ட நிர்வாகம், பெண்களின் சுய உதவிக் குழுக்கள் என்று பலர் கைகொடுத்தார்கள். தாய்க்கு வேறு வருமானம் வந்தால்தான் பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்ப முடியும் என்ற உண்மையை ஹேண்ட் இன் ஹேண்ட் சீக்கிரமே புரிந்துகொண்டது, அதனால் கடனுதவியும் கல்வியும் சேர்ந்தே நடந்தன. இன்று இந்தத் தெருக்களில் தன் பிள்ளை தறியில் உட்கார வேண்டும் என்று விரும்பும் நெசவாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தறியிலிருந்து எழுப்பிய பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது இதைத்தான்.

பத்து வயது. எழுத்துத் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த அவமானம் தாங்காமல் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். ஐந்தாம் வகுப்பில் சேர்த்தால் கரும்பலகையில் இருப்பது ஒன்றும் விளங்காது, ஒரு மாதத்தில் நின்றுவிடும். இதே பிள்ளை நெசவில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்திருக்கும். இழை எண்ணத் தெரியும், நிறம் பிரிக்கத் தெரியும், கை ஓடும். ஆனால் நம் பள்ளிக்கூடம் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, ஒரு நாளும் தவறாமல் வந்து, எல்லாரோடும் ஒரே பக்கத்தைப் புரட்டுகிற பிள்ளைக்காக மட்டுமே கட்டப்பட்டது. பாவில் ஓர் இழை அறுந்தால் எந்த நெசவாளரும் சேலையை முதலிலிருந்து நெய்வதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு அங்கிருந்தே தொடர்வார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தப் பழக்கம் இல்லாமல் போயிற்று.

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் எம்.பி. விஜயகுமார். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களின் பள்ளிகளோடு நேரடியாக உழைத்தவர். பல வயது, பல நிலை, ஒரே அறை. பாடப்புத்தகத்தை வைத்து அந்த அறையில் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடை பக்கத்து மாநிலத்தில் இருந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலியில், பத்மநாப ராவ், ரமா ராவ் தம்பதியர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு என்று அதைச் சொல்வார்கள். விஜயகுமார் பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக வந்தபோது மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி, 2003-ல் 13 பள்ளிகளில் அந்த முறையைத் தமிழில் தொடங்கினார். 2007-08-ல் அது தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. செயல்வழிக் கற்றல் என்று நீங்கள் அறிந்தது அதுதான்.

மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளியின் பள்ளியில் முளைத்த எண்ணம் மாநிலத்தின் பொது முறையாயிற்று. சாதாரணமாக நகரத்துப் பணக்காரப் பள்ளியில் ஒன்று தொடங்கி, தேய்ந்து மிச்சமானது ஏழைப் பள்ளிக்கு வரும். இங்கே தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

அன்றைய செயல்வழிக் கற்றல் வகுப்பறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெஞ்சு இல்லை, பாய். ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் ஓர் ஏணிப்படி தொங்குகிறது. தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம், ஓர் எண். பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே பதிந்துகொள்கிறது. ஏணிப்படியில் நேற்று எந்தப் படியில் விட்டோம் என்று பார்க்கிறது. அதற்கான தட்டிலிருந்து அட்டையை எடுக்கிறது. எந்த வட்டத்தில் உட்கார வேண்டும் என்று சின்னமே சொல்லிவிடும். புதுப் பாடம் என்றால் ஆசிரியர் இருக்கும் வட்டம். பாதி தெரிந்தது என்றால் ஆசிரியர் அவ்வப்போது எட்டிப் பார்க்கும் வட்டம். பயிற்சி என்றால் சக பிள்ளைகள் உதவும் வட்டம். தானே செய்ய முடியும் என்றால் தனியே. இறுதியில் மதிப்பீட்டு அட்டை. தேறினால் அடுத்த படி, தேறவில்லை என்றால் அதே விஷயத்தைச் சொல்லும் இன்னோர் அட்டை. தோற்றவர் பட்டியல் எங்கேயும் ஒட்டப்படுவதில்லை.

சுவரின் அடிப்பகுதியில் சுற்றிலும் கரும்பலகை. உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரம், ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். எழுத்து வரிசையிலும் மாற்றம் இருந்தது. கை வளைக்கக் கஷ்டமான அகரத்தில் தொடங்காமல், கோடு போடத் தெரிந்தாலே எழுதிவிடக்கூடிய ட, ப, ம முன்னால் வந்தன. சில நாளிலேயே பிள்ளை ‘படம்’ என்று ஒரு முழுச் சொல்லைப் படித்துவிடும். பத்து வயதில் முதல் தடவையாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய தைரியம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

பத்து நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், பாடம் போய்விட்டதே என்று விழிக்க வேண்டியதில்லை. அதன் படி அங்கேயே காத்திருக்கும். கொலம்பியா நாட்டின் மலைக்கிராமங்களில் 1970-களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் நண்பர்களும் உருவாக்கிய ‘புதிய பள்ளி’ இதே எண்ணத்தில் எழுந்ததுதான். அறுவடைக்குப் போய்விட்டு வரும் பிள்ளை வகுப்பை இழக்காமல் தன் கையேட்டில் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். ஒருவரையொருவர் அறியாத ஊர்கள் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் பெரியவர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். ஏழைப் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஏற்பப் பள்ளியை வளைக்கலாம் என்று முன்பும் ஒருவர் சொன்னாரே என்று. ஆமாம், ராஜாஜி சொன்னார். 1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது முற்றிலும் சரி. நெசவாளர் பிள்ளைக்கு அரைநாள் படிப்பு, அரைநாள் தறி என்று அது நிலைத்திருந்தால், இந்த அரங்கில் இருக்கும் பல ஆசிரியர்கள் ஆசிரியர்களாகியிருக்க மாட்டார்கள்.

ஆகவே எல்லையைத் தெளிவாக வரைந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்காகப் பாடத்தின் வரிசையை மாற்றலாம், வேகத்தை மாற்றலாம், நேரத்தையும் மாற்றலாம். அளவைக் குறைக்கக் கூடாது. ஏழைக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணம் எந்தப் புதுமைக்குள் ஒளிந்திருந்தாலும் அதை வாசலிலேயே நிறுத்த வேண்டும். தறியின் அறிவைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம். சேலைக்கு டிசைன் போடுபவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் நிரப்புகிறார். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அந்தத் தாளைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். கணக்குப் பாடத்தின் ஆயத்தொலைவுகளைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடக் கருவி எனக்குத் தெரியவில்லை. அதை எல்லாத் தெருப் பிள்ளைகளும் படிக்கட்டும், நெசவாளர் வீட்டுப் பிள்ளை மட்டும் என்று இருக்கக் கூடாது.

செயல்வழிக் கற்றல் பிறகு என்னாயிற்று என்று கேட்பீர்கள். நான்கே ஆண்டில் 13 பள்ளிகளிலிருந்து மாநிலம் முழுவதும் போனதில் அதன் பலமும் இருந்தது, பலவீனமும் இருந்தது. முதல் ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போய்ப் பார்த்து, மனம் மாறி வந்தவர்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது ஓர் உத்தரவு. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, மாற்று அட்டை நேரத்துக்கு வரவில்லை. பதிவேடுகள் பெருகின. பெற்றோர்கள், பிள்ளை வீட்டுக்குப் புத்தகம் கொண்டுவரவில்லை, வீட்டுப்பாடம் இல்லை, இது என்ன படிப்பு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தியது பெரிய தவறு என்பது என் கருத்து. புத்தகம் இல்லாத ஏழை வீட்டில் அந்த ஒரு பாடநூல்தான் படிப்பின் அடையாளம். அதை எடுத்துவிட்டுப் பெட்டியில் அட்டை வைத்தால், எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏதோ குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றுதான் தாய் நினைப்பாள். குலக்கல்வியை எதிர்த்த மண்ணில் அந்த அச்சம் நியாயமானது. பின்னர் முறை எளிமையாக்கப்பட்டது, முப்பருவப் புத்தகங்கள் வந்தன, ஏணிப்படி பல இடங்களில் சுவரோடு நின்றுவிட்டது.

ஆனால் தேவை போய்விடவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இத்தனை காலம் எல்லாப் பிள்ளையுமே இடையில் நின்ற பிள்ளைதான். வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எப்படி நடக்கும்? அப்போது அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் கருவி என்று சொல்லத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை. அதே தெருவில் இருக்கும் படித்த பெண், திண்ணையோ கோயில் மண்டபமோ கிடைத்த இடம், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகள். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள்.

இது வேலை செய்ததா என்று கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளிடம் ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. இழந்தபோது ஏழைப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள். மீண்டபோது அவர்களே வேகமாக மீண்டார்கள். இந்தக் கடைசிச் செய்தியை ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழைப் பிள்ளைக்கு ஏறாது என்று பேசுவோருக்கு இது பதில்.

இதோடு பெரு நாட்டின் அனுபவத்தை வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று அந்த நாடு பெரும் பணம் செலவழித்தது. கிராமப்புறத்து 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை என்று கண்டது. கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாத பள்ளிக்குக் கணினி கொடுத்தால் அதுவும் அலமாரியில் இன்னொரு பொருளாகிவிடும். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்ததை நான் வரவேற்கிறேன். பெயர் மாறினாலும் அந்தப் பழைய ஏணிப்படிதான் திரும்பி வந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தறியோரத்தில் பிள்ளை இல்லை. ஆனால் இடையில் வந்து இடையில் போகும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். மரம் வெட்டவும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள். செங்கல் சூளைப் பருவத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்து, மழைக்கு முன்னால் திரும்பிப் போகும் பிள்ளைகள். திருப்பெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளை நம்பி வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள். முன்பு உங்கள் தாத்தாக்களின் கழுத்தை இறுக்கிய அதே முன்பணம் இன்று வேறொருவர் கழுத்தில் இருக்கிறது. நெசவாளர்களைவிட இதை யார் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்கே வராத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவு சொல்கிறது. அதே சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவையும் அமைத்தது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இங்கே இருக்கும் தாய்மார்களில் பலர் அதில் உறுப்பினர்கள் என்று அறிகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு காரியம். ஒன்று, பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழோடு இன்னொரு தாளும் போகட்டும். எந்த எழுத்து வரை படிக்கிறது, எந்தக் கணக்கு வரை போடுகிறது, எந்த இடத்தில் திணறுகிறது என்று அதன் ஆசிரியர் எழுதிய ஒரு பக்கம். பிள்ளை போய்ச் சேரும் ஊர் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார். ஒடிசா போகும் பிள்ளைக்கு அந்த மொழி தெரிந்தவரைப் பிடித்து எழுதி வாங்குங்கள், சூளை மேஸ்திரிகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசி முடித்த பிறகு, தலைமை ஆசிரியரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மாதம் ஒரு வாரத்துக்கு மேல் வராமல் இருந்த பிள்ளைகள் யார் யார், அவர்கள் திரும்பி வந்த அன்று வகுப்பில் என்ன செய்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிலைக் குழுவின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதமும் கேளுங்கள்.